அபாயம் அண்ணனின் ஆபத்துக் கணக்கு

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் சம்பளம் போடும் குமாஸ்தா மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் அபாயம் அண்ணன். மின்சாரப் பெட்டிகளின் கதவில் ஒட்டுவதற்காக, சிவப்பு எழுத்தில் ‘அபாயம்’ என்று அச்சடித்த ஸ்டிக்கர்களைக் கட்டுக்கட்டாகக் கம்பெனியில் கொடுப்பார்கள். நாங்கள் பெட்டிக்கு ஒன்று ஒட்டிவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுவோம். அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார். ஆடுகிற நாற்காலியில் ஒன்று, கொதிக்கிற டீ பிளாஸ்கில் ஒன்று, ஆபீஸ் மாடிப்படியில் விளிம்பு உடைந்த படியில் ஒன்று என்று ஒட்டிக்கொண்டே போவார். ஒருமுறை மேனேஜரின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட எடுத்த கத்தியின் பிடியிலும் அது ஒட்டியிருந்தது. மேனேஜர் எங்களைத்தான் முறைத்தார். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு பயம் அவருக்கு. பூந்தொட்டி தொங்குகிற பால்கனிக்குக் கீழே நடக்க மாட்டார். மகளுக்குத் திராட்சைப் பழத்தை இரண்டாக வெட்டித்தான் கொடுப்பார்; அவள் கல்லூரிக்குப் போன பிறகும் டிபன் டப்பாவில் வெட்டிய திராட்சைதான் போனது. ஆனால் ஒரு விசித்திரம் உண்டு. பதினாறாவது மாடி உயரத்தில், லிஃப்ட் ஓடுகிற இருட்டுக் குழிக்குள், பெட்டியின் கூரை மேல் நின்றுகொண்டு விசில் அடித்தபடி வேலை செய்வார். நாங்கள்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

“உங்களுக்குப் பயமா இல்லையாண்ணே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இங்க என்னப்பா பயம்? இந்தக் கயிறு எவ்வளவு கனம் தாங்கும்னு எனக்குத் தெரியும். நாம ஏத்துறதைப் போலப் பல மடங்கு தாங்கும், காலையிலதான் பாத்தேன். ரோட்டுல வர்ற லாரியோட பிரேக் எப்படிப் பிடிக்கும்னு எவனுக்குத் தெரியும்?”

அண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணி அன்றும் இன்றும் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். இவர் இளவட்டமாக இருந்தபோது அந்தக் கடைக்குப் போய் ஒரு கண்ணாடி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அண்ணி கண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பார்வை பளிச்சென்று இருக்கிறதே, கண்ணாடி எதற்கு என்று கேட்டிருக்கிறார். “பார்வைக்கு இல்லைங்க. ஏதாவது வந்து தெறிச்சா?” என்றாராம் இவர். அண்ணி சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்தாராம். அடுத்த வாரம் ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று இவர் மறுபடி போனார். அதற்கடுத்த வாரமும் கழன்றது. ஸ்க்ரூவை வீட்டிலேயே கழற்றிவிட்டுத்தான் போனேன் என்று பிற்பாடு அவரே எங்களிடம் ஒப்புக்கொண்டார். கல்யாணம் ஆகி மகள் பிறந்து அவளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அண்ணியின் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அந்த வீட்டில் பயம் அவர் பொறுப்பு, சிரிப்பு அண்ணி பொறுப்பு.

நெஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய மருத்துவமனை. அதன் அவசரப் பிரிவுக்கு அண்ணன் பழைய வாடிக்கையாளர். நெஞ்சில் சுருக்கென்றால் போதும், போய் நின்றுவிடுவார். வரவேற்பில் இருந்த பெண், “வாங்க சார், இன்னைக்கு என்ன?” என்று கேட்கிற அளவுக்குப் பழக்கம். ஒருமுறை வாயு. ஒருமுறை தசைப்பிடிப்பு. ஒருமுறை மகளுடைய பழைய பனியனைத் தெரியாமல் போட்டுக்கொண்டு, நெஞ்சு இறுக்குகிறது என்று போனார். ஈசிஜி எடுத்த இளைஞன் பனியனைக் கழற்றச் சொன்னதும் இறுக்கம் போய்விட்டது. அந்த இளைஞன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை இவர் பார்த்துவிட்டார். வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் செத்தாலும் அந்தப் பக்கம் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

பிறகுதான் நிஜமாகவே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டை முந்தின நாள்தான் வேறொரு கம்பெனிக்காரர்கள் பழுதுபார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் வேலையின் மேல் அண்ணனுக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறினார். பாதி வழியில் யாரோ நெஞ்சின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி ஒரு பாரம். தாடை வரை இழுத்தது. வியர்த்துச் சட்டை நனைந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கேன் உருளுகிற சத்தம் கேட்டு அண்ணி ஓடி வந்தார்.

“என்னங்க? என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்லை” என்றார் அண்ணன்.

அண்ணிக்கு உயிரே போய்விட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் ஒருதடவைகூட ‘ஒண்ணுமில்லை’ என்று சொன்னதில்லை. தும்மல் வந்தாலே நுரையீரல் என்பார். உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு வர நேரமாகும் என்றார்கள். அண்ணி யோசிக்கவில்லை. அண்ணனைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கி வாசலில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டடத்துக்குள் ஓடினார். திரும்பி வரும்போது சிவப்பு ஸ்கூட்டர் ஒன்றில் வந்தார். தலையில் ஹெல்மெட், கையில் இன்னொரு ஹெல்மெட்.

“ஏறுங்க.”

“யாரோட வண்டி இது?”

“நம்மளோடதுதான்.”

“நமக்கு ஏது வண்டி?”

“மூணு வருஷமா இருக்கு. ஏறுங்கன்னா ஏறுங்க!”

ஏறினார். தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில், ஒரு ஆள் மட்டுமே நடக்கக்கூடிய இடத்தில், அண்ணி கொம்பு சீவிய காளை மாதிரி வண்டியை விட்டார். நெஞ்சு வலி ஒரு பக்கம். இந்த அதிர்ச்சி இன்னொரு பக்கம். பயப்படக்கூட நேரமில்லை என்று பின்னால் சொன்னார். திருப்பத்தில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது.

“அப்போ அந்த பஸ்ஸு?”

“எந்த பஸ்ஸு?”

“நீ தினமும் சாயங்காலம் டாண்ணு வீடு வந்து சேருவியே, அந்த பஸ்ஸு! நேரம் தவறாம ஓட்டுறாங்கன்னு நான் போக்குவரத்து ஆபீசுக்குப் பாராட்டி எழுதிப் போட்டேனே!”

“பேசாம இறுக்கிப் பிடிச்சுக்கங்க!”

மருத்துவமனை வரவேற்பில் அதே பெண், “வாங்க சார், இன்னை…” என்று ஆரம்பித்தவள், முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு மணியை அழுத்தினாள். ஈசிஜியில் மாற்றம் தெரிந்தது. ரத்தத்திலும் தெரிந்தது. சின்னதாக ஒரு மாரடைப்பு. மாத்திரை, ஊசி என்று அடுத்தடுத்துக் கொடுத்து வலியை அடக்கினார்கள். மறுநாள் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகிற இரண்டு குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு. அதில் ஒன்று, முன்பக்கமாக இறங்குகிற முக்கியமான குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே.

அவரைக் கவனித்துக்கொண்டவர் ஒரு பெண் டாக்டர். வேகவேகமாகப் பேசுவார், பேனாவைக் கொண்டையில் செருகி வைத்துவிட்டு எங்கே என்று தேடுவார். தள்ளுவண்டியில் கம்ப்யூட்டரோடு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணியும் பக்கத்தில் இருந்தார்.

“ரெண்டு வழி இருக்கு சார். அடைப்பை பலூன் வெச்சு விரிச்சு ஸ்டென்ட் வைக்கலாம். இல்லைன்னா நெஞ்சைத் திறந்து பைபாஸ். எது உங்களுக்கு நல்லதுன்னு பார்க்க ரெண்டு கணக்குப் போடுவோம். ஒண்ணு, அடைப்பு எங்க இருக்கு, எவ்வளவு நீளம், எவ்வளவு வளைவு, எவ்வளவு கல்லாயிருக்குன்னு. இன்னொண்ணு உங்களைப் பத்தி. வயசு, சர்க்கரை, கிட்னி, இதயம் எவ்வளவு பம்ப் பண்ணுது, இதெல்லாம்.”

அண்ணன் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “எவ்வளவு ஆபத்துன்னு அதுல வருமா?”

“வரும்.”

“நம்பரா?”

“நம்பராத்தான்.”

“என் கண்ணு முன்னாடியே போடுங்க டாக்டர்.”

டாக்டர் கேட்கக் கேட்க, நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி பதில் சொன்னார். சர்க்கரை இல்லை. பக்கவாதம் வந்ததில்லை. சிகரெட்?

“நெருப்பு சமாச்சாரம். தொட்டதே இல்லை.”

“நல்ல பயம்” என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் தட்டினார் டாக்டர். “கிட்னிதான் கொஞ்சம் சோர்வா இருக்கு. நேத்து செலுத்தின மருந்தாலயும் இருக்கலாம். தண்ணி நல்லாக் குடிங்க, ரெண்டு நாள் விட்டுச் செய்யலாம்.” கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். “முதல் கணக்குல உங்க மார்க் குறைச்சல்.”

அண்ணி பதறிவிட்டார். “குறைச்சலா? எவ்வளவு எடுத்தா பாஸு?”

“இதுல குறைய எடுத்தாத்தான்மா நல்லது. அடைப்பு ரொம்பச் சிக்கலா இல்லைன்னு அர்த்தம். ஸ்டென்டே போதும். அறுவை சிகிச்சை டாக்டரும் படத்தைப் பார்த்துட்டு அதையேதான் சொன்னார். ரெண்டாவது கணக்குக்கு வர்றேன். உங்களை மாதிரி நூறு பேருக்கு இதைச் செஞ்சா, தொண்ணூத்தொம்பது பேர் நல்லபடியா வீட்டுக்குப் போவாங்க.”

“மிச்சம் ஒருத்தர்?”

டாக்டர் மழுப்பவில்லை. “அந்த ஒருத்தருக்கு உயிருக்கே ஆபத்து வரலாம். அது யாருன்னு இந்தக் கணக்குக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இது நூறு பேரைப் பத்தின கணக்கு, உங்க ஒருத்தரைப் பத்தி இல்லை. ரத்தக்கசிவு, கிட்னி தொந்தரவு, இதுக்கெல்லாம் வாய்ப்பு இன்னும் கொஞ்சம் அதிகம். ஆனா ஒண்ணுமே செய்யாம விட்டா ஆபத்து இதைவிட எவ்வளவோ பெருசு.”



“ஒண்ணா? நூத்துல ஒண்ணேதானா?”

“ஒண்ணுதான் சார்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் ஒரு சத்தம். பிறகு தோள் குலுங்கியது. பிறகு அடுத்த கட்டில்காரர் திரையை விலக்கி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

“டாக்டர், நான் எப்பவும் பாதிக்குப் பாதின்னுல்ல வெச்சிருந்தேன்! ரோட்டைத் தாண்டினாப் பாதிக்குப் பாதி. திராட்சை தின்னாப் பாதிக்குப் பாதி!”

“திராட்சையா?” என்றார் டாக்டர்.

“நெஞ்சுக்குள்ள குழாயை விட்டுக் கம்பி வலை வைக்கிறதுக்கே ஒண்ணுன்னா, திராட்சைக்கு எவ்வளவு இருக்கும்? சொல்லுங்க!”

டாக்டர் கொண்டையில் இருந்த பேனாவைத் தேடிக்கொண்டே போய்விட்டார். அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார் என்று அண்ணன் சொல்வார்.

இதற்கிடையில் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று போன அண்ணி திரும்பவில்லை. அண்ணன் நர்சிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, சலைன் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு நடைபாதைக்குப் போனார். தண்ணீர் மெஷினுக்கு முன்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தார். டம்ளர் நிரம்பி வழிந்து, கை நனைந்து, செருப்பு நனைந்து, மெஷின் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. அண்ணி அழுதுகொண்டிருந்தார்.

அண்ணன் முதலில் குழாயை மூடினார்.

“ஒண்ணுன்னா ஒண்ணு இருக்குல்ல? சைபர் இல்லையே!” என்றார் அண்ணி.

“சைபர் எதுலயும் கிடையாதும்மா.”

“நம்ம வீட்ல பயப்படுற வேலையை நீங்க பாத்துக்கிட்டீங்க. அதனாலதான் நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நீங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டா நான் என்னங்க பண்றது?”

இத்தனை வருடம் தன் பயத்தை அவள் சட்டை செய்யவில்லை என்றுதான் அண்ணன் நினைத்திருந்தார். அந்தப் பயத்தின் நிழலில் அவள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள் என்பது அதுவரை அவர் மண்டையில் ஏறவே இல்லை. அவளுடைய நனைந்த கையைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டார்.

“அது கஷ்டமான வேலைதான்” என்றார். “எனக்குப் பழகிப்போச்சு. உனக்கு முதல் நாள். அதான் திணறுது. இன்னைக்குப் பாதியை நான் பாக்கிறேன், மீதியை நீ பாரு. நாளைக்கு மாத்திக்கலாம்.”

அண்ணி அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வரும் வரை அண்ணன் அவர் கையை விடவில்லை.

மறுநாள் மாலை, பார்வையாளர் நேரம். மகளும் மருமகனும் வந்தார்கள். அண்ணன் ஸ்கூட்டர் கதையை ஆரம்பித்தார். கோபமாக அல்ல, ரசித்து ரசித்து. பள்ளத்தை எப்படித் தாண்டினாள், எந்தத் திருப்பத்தில் எப்படிச் சாய்த்தாள் என்று கையால் ஓட்டிக் காட்டினார்.

“ஏம்மா எங்கிட்ட மறைச்சே?” என்று மட்டும் கேட்டார்.

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

யோசித்துப் பார்த்தார். “பின்னாடியே ஓடி வந்திருப்பேன்.”

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நிஜமாகவே பயப்படாமல்தான் இருக்கிறாரா, மருந்து மயக்கமா என்று அவளுக்குச் சந்தேகம். கட்டிலுக்கு மேலே மானிட்டரில் நாடித்துடிப்பு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் துணிச்சல் கொடுத்திருக்க வேண்டும்.

“அப்பா, நானும் ஒண்ணு சொல்லணும். நான் டெலிபோன் கம்பெனியில கணக்குப் பிரிவுல இல்லைப்பா.”

“பின்னே?”

“டவர்ல ஏறுறேன்.”

“டவர்ல ஏறி?”

“உச்சியில ஆன்டெனா மாட்டுறேன்.”

எல்லோரும் மானிட்டரைப் பார்த்தார்கள். துடிப்பு அதே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“இடுப்புப் பெல்ட்டு?” என்றார் அண்ணன்.

“ரெண்டு கயிறு. ஒண்ணை மாட்டிட்டுத்தான் இன்னொண்ணைக் கழட்டுவேன்.”

“யாரு செக் பண்றாங்க?”

“தினமும் காலையில நானே.”

அண்ணன் தலையணையில் சாய்ந்தார். அவர் முகத்தில் வந்ததை அண்ணி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். பள்ளியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் அப்பா மாதிரி இருந்ததாம். “எத்தனை மாடி உயரம் வரும்?” என்று கேட்டார். அவள் சொன்னாள். “என்னைவிட மேலதான்” என்றார்.

அடுத்து மருமகன் தொண்டையைக் கனைத்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், சாது. கல்யாணப் பேச்சின்போது அண்ணன் அவரிடம் சம்பளம் கேட்கவில்லை, வீடு வாசல் கேட்கவில்லை. நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றதும் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

“மாமா, எனக்கு நீச்சல் தெரியாது.”

“என்னது?”

“தெரியாது மாமா. அன்னைக்கு வாயில வந்துடுச்சு. அதனாலதான் நீங்க கடற்கரைக்குக் கூப்பிடுறப்பல்லாம் எனக்குச் சளி பிடிக்கும்.”

“ஒவ்வொரு தடவையும் சளியா!” என்றார் அண்ணி. “நான் கஷாயம் வேற வெச்சுக் குடுத்தேனே!”

“குடிச்சேனே அத்தை. எல்லாத்தையும் குடிச்சேனே!”

மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருமகன் தலையைக் குனிந்தபடியே மெதுவாகக் கேட்டார்: “மாமா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“தெரியாது. அதனாலதான் தெரிஞ்ச ஒரு ஆளாவது வீட்ல இருக்கட்டும்னு கேட்டேன்.”

அவ்வளவுதான். அண்ணி ஸ்டூலோடு சரிந்தார். இந்த அமர்க்களத்தில் அடுத்த கட்டில்காரர், எழுபது வயது இருக்கும், திரையை முழுசாக விலக்கினார். “எல்லாரும் சொல்றீங்க, நானும் சொல்லிடுறேன். நேத்து சாயங்காலம் உங்க தட்டுல இருந்த ஆரஞ்சுப் பழத்தை நான்தான் எடுத்தேன்.” நர்ஸ் ஓடி வந்தார். அதட்ட வாயைத் திறந்தவர், மானிட்டரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். “உங்களுக்குத்தான் சார் இங்க எல்லாரையும்விட நாடி நல்லா இருக்கு. மத்தவங்க வெளிய போங்க, நீங்க இருங்க” என்றார்.

அவர்கள் போன பிறகு அண்ணனுக்குக் கொஞ்சம் வலித்தது. நெஞ்சு அல்ல. மகள் முதல்முதலாக உச்சிக்கு ஏறிய அன்று வீட்டுக்கு வந்து என்ன செய்திருப்பாள்? அப்பாவிடம் சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டிருப்பாள்? கணக்குப் பிரிவு என்று பொய் சொல்லிவிட்டு, தன் அறைக்குப் போய் யாரிடமும் சொல்லாமல் சந்தோஷப்பட்டிருப்பாள். அவள் டப்பாவில் அன்றைக்கும் வெட்டிய திராட்சை இருந்திருக்கும். இதை என்னிடம் சொல்லும்போது மட்டும் அண்ணன் சிரிக்க மாட்டார்.

மறுநாள் காலை உள்ளே கொண்டு போனார்கள். முழு மயக்கம் கிடையாது; மணிக்கட்டில் மரத்துப்போக ஒரு ஊசி மட்டும். குளிர்ந்த அறை. பெரிய திரை. அதில் இலையுதிர்ந்த மரக்கிளை மாதிரி அவருடைய ரத்தக் குழாய்கள் துடித்துக்கொண்டிருந்தன.

“அதுதானா டாக்டர்? அந்த இடுக்கா?”

“அதேதான். பேசலாம், ஆனா என்னைச் சிரிக்க வைக்காதீங்க. கை ஆடும்.”

முதல் இரண்டு அடைப்பும் சுலபமாகத் திறந்தன. மூன்றாவதுதான் அந்த வாய்க்குப் பக்கத்தில் இருப்பது. பலூனை விரித்தபோது பழைய பாரம் மறுபடி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வியர்த்தது. எந்த நேரமும் பேசுகிற டாக்டர் பேச்சை நிறுத்தினார். யாரோ சலைனை வேகமாகத் திறந்துவிட்டார்கள். திரையின் ஓரத்தில் ரத்த அழுத்தத்தைக் காட்டுகிற எண் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒருத்தர் நான்தானோ என்று அண்ணன் நினைத்தார். பயம் வந்தது. ஆனால் ஊரையே விழுங்குகிற பயம் இல்லை, ஆள் உயரத்துக்கு ஒரு பயம் என்றார் என்னிடம். அதோடு பேச முடிந்ததாம். வெளியே பெஞ்சில் அண்ணி தன் பங்குக்குப் பாதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்றும் நினைத்துக்கொண்டார்.

“மூச்சை நல்லா இழுங்க சார். இழுத்துப் பிடிங்க. சரி, விடுங்க.”

பலூன் சுருங்கியது. பாரம் எழுந்து போனது. எண் ஏற ஆரம்பித்தது. டாக்டர் மருந்தைச் செலுத்தினார். திரையில், அதுவரை நூலாக இருந்த கிளை, அடியிலிருந்து நுனி வரை கருகருவென்று நிறைந்து, பக்கத்துச் சின்னக் கிளைகளுக்கெல்லாம் பாய்ந்தது.

“ஓடுது!” என்று கத்தினார் அண்ணன். “ஏய், ஓடுதுப்பா!”

நாள் முழுக்க மல்லாடிய லிஃப்ட் கடைசியில் நகரும்போது அவர் போடுகிற அதே சத்தம். நாங்கள் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கையை ஆட்டாதீங்க சார், கையை ஆட்டாதீங்க!”

மணிக்கட்டில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு வீக்கம் வந்து ஒரு வாரத்தில் வடிந்தது. கிட்னி தேறியது. ஒரு பை நிறைய மாத்திரையோடு வீட்டுக்கு வந்தார். பயம் அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கணக்குக் கேட்கிறார். மாடிப்படியில் ஓடினால் நூத்துக்கு எத்தனை பேர் விழுவாங்க? மழையில் நனைந்தால் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வரும்? மகள் சில சமயம் உண்மையான எண்ணைத் தேடிச் சொல்வாள், சில சமயம் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். எதுவாக இருந்தாலும் அவர் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். “அவ்வளவுதானா!” என்று துள்ளுவார். ஸ்டென்ட் வைத்தவர் என்று நாங்கள் வேலையில் அவரை உட்கார வைக்கப் பார்த்தோம். எங்களுக்குத்தான் பயம், அவருக்கு இல்லை. பழையபடி குழிக்குள் இறங்க டாக்டர் அனுமதி கொடுக்கும் வரை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அண்ணி பள்ளத்தைத் தாண்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் பள்ளம் ஓரடி அகலமாகிக்கொண்டே போனது.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், இதய சிகிச்சை முடிந்தவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடக்கும். அண்ணனும் போனார். ஒரு பேக்கரிக்காரர், ஒரு வக்கீல், ஒரு தலைமை ஆசிரியை, இவர். எல்லோர் விரலிலும் நாடி பார்க்கிற கிளிப். பயிற்சி கொடுத்த பெண் சுறுசுறுப்பானவள். ஒருநாள், நடைமெஷினில் நடந்து நடந்து இவர்கள் முகம் தொங்கிவிட்டதைப் பார்த்தவள், மெஷினை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரில் ஒரு குத்துப் பாட்டைப் போட்டாள். “இன்னைக்கு இதுதான் பயிற்சி. ஆடுங்க!”

யாரும் அசையவில்லை. வக்கீல் சட்டைப் பொத்தானைத் திருகினார். அண்ணன் தன் ஆயுளில் ஆடியதில்லை. வழுக்கி விழுந்தால் என்று கல்யாண வீட்டிலும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. திடீரென்று ஒரு காலைத் தூக்கினார். பிறகு மறு காலை. கை இரண்டும் லிஃப்ட் கயிற்றை இழுப்பது போல மேலும் கீழும் போயின. தாளம் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். தலைமை ஆசிரியை, “ஐயோ, இவரைப் பாருங்களேன்” என்று சொல்லிக்கொண்டே தானும் இறங்கிவிட்டார். பேக்கரிக்காரர் மாவு பிசைகிற மாதிரி ஆடினார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்.

கூட்டிப் போக வந்த அண்ணி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, சிரித்துச் சிரித்து, கதவில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தார். பயிற்சிக்காரப் பெண் கதவைத் திறந்து அவரையும் உள்ளே இழுத்தாள். அண்ணன் கையை நீட்டினார். அண்ணி கைப்பையை மூலையில் எறிந்துவிட்டு வந்தார்.

பாட்டு முடியும்போது அந்தப் பெண் அண்ணனின் விரல் கிளிப்பைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். “நாடி கொஞ்சம் வேகமாப் போகுதே சார்.”

“எவ்வளவு வரைக்கும் போகலாம்னு டாக்டர் எழுதியிருக்காங்க?”

தாளைப் புரட்டிப் பார்த்தாள். “இன்னும் பதினஞ்சு இருக்கு.”

“அப்ப என்ன?” என்றார் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டே. “இன்னொரு பாட்டுப் போடும்மா!”